ராஜபாளையமா, சிப்பிப்பாறையா?

சென்ற பொங்கல் விழாவில் பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது, துவாரகாவிலிருந்து வந்திருந்த அன்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, உங்களுக்குச் சாத்தூர்ப் பக்கமாமே! ஊருக்குப் போய் வரும்போது நம்ம ஊர் நாய்க்குட்டி ஒன்று கொண்டுவந்து தர முடியுமா? ராஜபாளையமோ, சிப்பிப்பாறையோ, எதுவானாலும் சரி" என்றார்.

'எதுவானாலும் சரி' என்ற அந்தச் சொல்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. எதுவானாலும் சரியல்ல. இரண்டும் எங்கள் வட்டார ஊர்களின் பெயரைத் தாங்கிய வேட்டை நாய்கள். இரண்டுக்கும் ஓட்டமும் நடையும் நிறைய வேண்டும். ஆனால் குணத்தில் ஒன்றுக்கொன்று தொலைதூரம்.

ராஜபாளையம் நாயின் படத்தை 2005-ஆம் ஆண்டு அஞ்சல் துறை தபால்தலையாக வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் இந்த இரண்டு இனங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். தில்லியில் இருக்கும் நமக்கு இதில் பெருமை இராதா? அந்தப் பெருமையில் மயங்கித்தான் நானும் ஒரு தவறு செய்தேன்.

2009-இல் கிழக்குத் தில்லியில் இரண்டாவது மாடி ஃபிளாட்டில் குடியிருந்தோம். ஊரிலிருந்து ராஜபாளையம் ஆண்குட்டி ஒன்றைக் கொண்டுவந்தேன். பால்வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு. பார்த்தவரெல்லாம் வாய்விட்டுப் புகழ்ந்தார்கள். ஒரு வயதில் தோள் உயரம் எழுபது சென்டிமீட்டரைத் தொட்டது. எங்கள் நால்வரிடமும் உயிராயிருந்தது. ஐந்தாவது ஆள் என்றால் ஆகாது. இது அந்த நாயின் குற்றமன்று. காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம். அந்நியர் வாசல் தாண்டக்கூடாது என்பது அதன் இரத்தத்தில் இருக்கிறது. ஆனால் தில்லி ஃபிளாட்டில் அந்நியர் வராத மணி எது? பால்காரர், இஸ்திரிக்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், கூரியர் பையன் என்று நாள் முழுதும் அழைப்பு மணி. ஒருநாள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாளின் முன்கையைக் கவ்விவிட்டது. அவருக்கு ஊசிகள் போட்டோம், மன்னிப்புக் கேட்டோம். அடுத்த மாதமே நாயை ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள அண்ணனின் தோப்புக்கு அனுப்பினோம். அங்கே அது கடைசிவரை ராஜாவாக வாழ்ந்தது. இங்கே என் மகள் பத்து நாள் என்னோடு பேசவில்லை.

ஆகவே, தரைத்தள வீடு, சுற்றுச்சுவர், கொஞ்சம் வெற்றிடம், குட்டிப் பருவத்திலிருந்தே பலரையும் பழக்கிக் காட்டும் பொறுமை, இவை இருந்தால் மட்டுமே ராஜபாளையம். குருகிராம், ஃபரீதாபாத் பக்கம் தனி வீடு வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல காவல் கிடையாது. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. வெண்ணிறத்தோடு சேர்ந்து வரும் குறை அது. குட்டி வேறு பக்கம் பார்த்திருக்கும்போது, காற்று அதன்மேல் படாத தூரத்தில் நின்று கை தட்டுங்கள். மற்றக் குட்டிகள் திரும்ப, இது மட்டும் திரும்பாவிட்டால் யோசியுங்கள். தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன் பிரித்துத் தந்தால் வாங்கவே வேண்டாம்.

சிப்பிப்பாறை முயல் வேட்டை நாய். (1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றம், நாய்க்கு அது தெரியாது.) ஒடுங்கிய தலை, ஒட்டிய வயிறு, வில்லாக வளைந்த இடுப்பு. லேசாக விலா எலும்பு தெரிந்தால் பதறவேண்டாம். அதுதான் அதற்கு அழகு. "பட்டினி போடுகிறீர்களா?" என்று எங்கள் பார்க்கில் வாரம் ஒருவராவது என்னிடம் கேட்டுவிடுவார்கள்.

2014-இல் நாங்கள் கொண்டுவந்தது இந்த இனம்தான். ஃபிளாட்டில் இது எப்படி என்றால், காலையில் நன்றாக ஓடவிட்டால் பகல் முழுதும் தூங்கும். குரைப்பதும் குறைவு. வந்தவர்மேல் பாயாது, கொஞ்சம் விலகி நின்று பார்க்கும். ஆனால் இதன் ஆபத்து வேறு. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பும் நாய் இது. அணிலோ பூனையோ ஓடக் கண்டால், உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. ரிங் ரோடு பக்கம் கயிற்றை அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சாதாரணக் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை எளிதாக உருவிக்கொள்ளும். எனவே அகலமான, இழுத்தால் இறுகும் பட்டை வேண்டும். நாங்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு, வேலி அடைத்த பூங்காவில் கதவைச் சாத்திவிட்டுத்தான் ஓடவிடுவோம். அதற்கு மனிதரும் ஐந்து மணிக்கு எழவேண்டும்!

இரண்டு இனத்துக்கும் பொதுவான சில செய்திகள். இரண்டுக்கும் குட்டை மயிர், உள்ரோமம் கிடையாது. ஜனவரி இரவில் தில்லிக் குளிர் நாலைந்து டிகிரிக்கு இறங்கும்போது பால்கனியில் கட்டுவது பாவம். உள்ளே சாக்கும் கம்பளியும் போடுங்கள். மூன்றாம் மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். மாநகராட்சியில் பதிவு செய்துகொள்ளுங்கள். சிப்பிப்பாறைக்கு எப்போதாவது மயக்கமருந்து கொடுக்க நேர்ந்தால், அது கிரேஹவுண்டு வகை நாய் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அவ்வகைக்குச் சில மயக்கமருந்துகள் தெளிய நெடுநேரம் ஆகும்.

நம் வீட்டு உணவில் ஒரு எச்சரிக்கை: தயிர் சாதம் தரலாம், சாம்பார் சாதம் கூடாது. வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்தாலும் அதன் கெடுதி போகாது. திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்குக் கெடுதியே. மீந்த சாம்பாரை ஊற்றிப் பிசைந்து வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு என்பதால் சொல்கிறேன்.

கொண்டுவருவதும் சுலபமல்ல. சென்னையிலிருந்து இரண்டு இரவு, ஒரு பகல் ரயில். ஏ.சி. முதல் வகுப்பில் முழு அறையையோ கூப்பேயையோ பதிவு செய்தால்தான் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் கார்டு வண்டியில் உள்ள கூண்டில்தான் வரும். ஸ்லீப்பரில் அனுமதி இல்லை. மாற்றலாகும் வேலையில் இருப்பவர்கள் இதை இரண்டு முறை யோசிக்கவேண்டும். நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். மாற்றல் உத்தரவோ மூன்று ஆண்டுக்கொரு முறை வரும்.

துவாரகா அன்பரிடம் எத்தனையாவது மாடி, பகலில் வீட்டில் யார் என்று கேட்டேன். ஐந்தாவது மாடி. கணவனும் மனைவியும் காலை எட்டு மணிக்குப் போனால் இரவு ஏழுக்குத்தான் திரும்புவார்களாம். "அப்படியானால் இப்போது இரண்டுமே வேண்டாம்" என்றேன். முகம் வாடிவிட்டது. பிறகு அவரே, "அப்பா அடுத்த வருஷம் ரிடையராகி எங்களோடு வந்து இருக்கப்போகிறார். தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடப்பார்" என்றார். அவர் வரட்டும், வேலி அடைத்த பூங்கா ஒன்று பக்கத்தில் இருக்கிறதா என்று அதற்குள் பார்த்து வையுங்கள், சிப்பிப்பாறைக் குட்டிக்கு நானே ஊரில் சொல்லி வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.