பனிக்கால உடுப்பை ஆகஸ்டிலேயே எடுத்து வையுங்கள்

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருப்பவரா? பிள்ளைக்குச் சின்னதாகிப்போன பனிக்கால உடுப்புகளை ஈபேயில் ஏலத்துக்கு விடுவதென்றால், பனி கொட்டும்வரை காத்திருக்காதீர்கள். முதல் குளிர் வருவதற்குள் பல அம்மாக்கள் வாங்கி முடித்திருப்பார்கள்.

துவைத்துக் காயவைத்து, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் விரித்துப் பாருங்கள். முழங்கால், கைவிளிம்பு, கழுத்துப்பட்டி: கறையும் தேய்மானமும் ஒளிந்திருப்பது இங்கேதான். ஜிப்பை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். வெல்க்ரோவில் சிக்கிய நூல், முடியை ஊசியால் எடுத்தாலே பாதி புதுசாகிவிடும். போகாத கறையைக் கிட்டத்தில் படமெடுத்துப் போட்டுவிடுங்கள். மறைத்தால் பொருள் திரும்பி வரும். தபால் செலவும் உங்கள் தலையில்தான்.

தொப்பியிலோ கழுத்திலோ இழுகயிறு இருந்தால் உருவிவிடுங்கள். கழுத்தை இறுக்கிவிடும் என்பதால் அமெரிக்காவில் 2டி முதல் 12 வரையான அளவுள்ள குழந்தை மேலுடுப்புகளில் அது கூடாது.

தலைப்புக்கு 80 எழுத்துதான் இடம். பிராண்ட், அளவு, நிறம், என்ன உடுப்பு என்பது போதும். 'க்யூட்' என்று போட்டு யாரும் தேடுவதில்லை. அளவு பிராண்டுக்குப் பிராண்ட் மாறும், அதனால் மார்பு அகலத்தையும் கால் உள்நீளத்தையும் டேப்பால் அளந்து எழுதுங்கள்.

7 நாள் ஏலத்தை ஞாயிறு மாலை தொடங்கினால், ஆட்கள் வீட்டிலிருக்கும் அடுத்த ஞாயிறு மாலையில் முடியும். தபால் கட்டணத்தைப் பொதியோடு எடைபோட்ட பிறகே குறிப்பிடுங்கள்.