ஒப்பிக்கிறான், வாசிக்கவில்லை

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. தென்காசியில் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் எல்.கே.ஜி. படிக்கிறான். ஏ பி சி டி முழுதும் சொல்வான். என் மாமியார் சொல்லிக்கொடுத்த ‘ஆனா, ஆவன்னா’வையும் ராகத்தோடு ஒப்பிப்பான். ஆனால் ‘படம்’ என்று எழுதிக் காட்டினால் விழிக்கிறான். ஃபோனிக்ஸ் வகுப்பில் சேர்க்கலாம் என்கிறார் என் கணவர். வீட்டிலேயே சொல்லித்தர முடியுமா? எந்த எழுத்தில் தொடங்குவது?
– ஒரு வாசகி, இலத்தூர்

பதில்: முடியும். வகுப்பு இப்போது வேண்டாம்.

உங்கள் மகனிடம் குறை எதுவும் இல்லை. அவனுக்கு எழுத்துகளின் பெயர் தெரிந்திருக்கிறது, ஒலி இன்னும் பிடிபடவில்லை. ‘பானா, டானா, இம்மன்னா’ என்று எத்தனை வேகமாகச் சொன்னாலும் ‘படம்’ வராது. ‘இக், இங், இச்’ என்று பழகிய பிள்ளைகளும் ‘ப-ட-இம்’ என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடுவார்கள். ம் என்றால் வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகுவதுதான் என்று காட்டுங்கள். அதை ‘பட’வோடு ஒட்டிச் சொல்லச் சொல்லுங்கள். வாசிப்பு அங்கேதான் பிறக்கிறது. மாமியாரின் பாட்டை நிறுத்த வேண்டாம். எழுத்து வரிசை அவனுக்குப் பின்னால் அகராதி பார்க்க உதவும்.

எழுதக் கற்பதற்கு முன் காதைப் பழக்குங்கள். அடுக்களையில் நிற்கும்போது, “‘ப’ன்னு ஆரம்பிக்கிறது இங்க என்னல்லாம் இருக்கு?” என்று கேளுங்கள். படி, பருப்பு என்பான். பானை, பால் என்றும் சொல்வான். அப்போது ப, பா இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக் காட்டுங்கள். குறிலையும் நெடிலையும் காது பிரித்துவிட்டால் பிற்பாடு துணைக்கால் சொல்லித்தருவது எளிது.

எழுத்து என்று வரும்போது அ-வில் தொடங்காதீர்கள். அதன் வளைவுகள் நாலரை வயதுக் கைக்குச் சிரமம். ட, ப, ம மூன்றில் தொடங்குங்கள். பெரும்பாலும் நேர்க்கோடுகள், உடனே சொல்லும் சேரும். படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் இந்த மூன்று எழுத்திலும் ஒரு புள்ளியிலும் அடங்கிவிடுகின்றன. 1990-களில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கம் உங்கள் பகுதி உட்பட நெல்லை மாவட்டமெங்கும் நடந்தது. அதன் முதல் பாடம் அ, ஆ வரிசை அல்ல. ‘பட்டா’, ‘படி’ என்ற சொற்கள். வயல்வேலை செய்த பெரியவர்கள் முதல் நாளே ஒரு சொல்லை வாசித்துவிட்டு எழுந்தார்கள். குழந்தைக்கும் அந்த மகிழ்ச்சி கிடைக்க வேண்டும்.

அடுத்து க, ர, ல சேருங்கள்: மரம், கல், பல், கப்பல். பிறகு துணைக்காலும் அ-வும் வரட்டும்: மாமா, பாப்பா, அப்பா, அம்மா. 247 என்ற எண்ணைக் கண்டு மலைக்காதீர்கள். 12 உயிர், 18 மெய், சில குறிகள் தெரிந்தால் பெரும்பகுதி முடிந்தது. உகர, ஊகார வரிசையில் மட்டும் கு, சு, டு, மு என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும். அதை நிதானமாக, சொல் சொல்லாகக் கொடுங்கள்.

கொம்பு பிள்ளைகளைத் தடுக்கி விழச் செய்யும். அது எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலியோ பின்னால் வரும். இதற்கு உங்கள் பக்கத்துப் பஸ் பலகைகளைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. ‘தென்காசி’யில் ஒரு கொம்பு, ‘செங்கோட்டை’யில் எழுத்தின் இரு பக்கமும் குறி. இன்னொன்றும் பாருங்கள்: தென்காசியின் ‘கா’ அழுத்தமாக ஒலிக்கும், செங்கோட்டையின் ‘கோ’ மென்மையாக ஒலிக்கும். இதற்கு அவனிடம் விதி சொல்ல வேண்டாம். ஊரின் பெயர் ஏற்கெனவே அவன் காதில் இருப்பதால் வாய் தானே திருத்திக்கொள்ளும். தாய்மொழியில் வாசிக்கத் தொடங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

நம் பக்கத்தில் ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்றே பேசுகிறோம். அவன் அப்படியே எழுதினால், கேட்டதைச் சரியாக எழுதியிருக்கிறான் என்று பொருள். திட்டாதீர்கள். ழ-வை நீங்கள் தெளிவாகச் சொல்லி வாருங்கள், போதும். மாமியார் 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர் என்றால் லை, னை போன்றவற்றைப் பழைய வடிவில் எழுதக்கூடும். அந்தச் சில எழுத்துகளை மட்டும் நீங்கள் எழுதிக் காட்டுங்கள்.

ஆங்கிலம்? சில மாதம் பொறுங்கள். அங்கும் இதே சிக்கல்தான். ‘சி, ஏ, டி’ என்று சொன்னால் ‘கேட்’ வராது. 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 44 ஒலிகளை எழுதுகிற மொழி அது. அதனால்தான் ஃபோனிக்ஸ் என்ற தனிமுறை அதற்குத் தேவைப்பட்டது. எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்ற ஆறு எழுத்துகளில் அதைத் தொடங்குவது வழக்கம். ‘பி’ என்ற எழுத்தைப் ‘ப’ என்று இழுக்காமல் ‘ப்’ என்று நறுக்கச் சொல்வதற்கு அந்த ஆசிரியர்கள் படாத பாடு படுகிறார்கள். புள்ளி வைத்த எழுத்தை அறிந்த பிள்ளைக்கு அது முன்பே கைவந்திருக்கும்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். அவன் எழுந்து ஓடினால் விட்டுவிடுங்கள். எழுதுவதை ஈரத் தரையில், மணலில் விரலால் செய்யட்டும்; நான்கு கோடு நோட்டுக்கு இப்போது அவசரமில்லை. 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமே எட்டு வயதுக்குள் பிழையின்றி வாசிப்பதைத்தான் இலக்காக வைத்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளையே அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பித்தார்கள். உங்கள் மகன் அந்த வகுப்புகளுக்கு இன்னும் வரவே இல்லை. ஏழு வயது கடந்தும் எளிய சொற்கள் கூடவில்லை என்றால் முதலில் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: வகுப்புக்கு எடுத்துவைத்த பணத்தில் பெரிய எழுத்துப் படக்கதைப் புத்தகங்கள் வாங்கி வரட்டும். இரவில் அவனை மடியில் வைத்து, வரியின் கீழ் விரலை ஓட்டி, அவரே வாசித்துக் காட்டட்டும்.