ஒரே சன்னல்

கோபாலபுரத்தில் எங்கள் தெரு நண்பன் ஒருவன் சென்ற ஆண்டு ஜப்பான் சென்று படிக்க விரும்பினான். தரகர் ஒருவர், "பகுதிநேர வேலை செய்தே கட்டணம் முழுவதையும் கட்டிவிடலாம், முன்பணம் மட்டும் கொடுங்கள்" என்றார். நண்பனின் தாயார் வளையலை அடகு வைக்கவும் துணிந்துவிட்டார்.

அவ்வேளையில், ஜப்பானில் தொழிற்பயிற்சி பெற்றுத் திரும்பிய பெரியவர் ஒருவரைக் கண்டோம். "தம்பி, மாணவ விசாவில் போகிறவன் தனி அனுமதி பெற்று, பாடம் நடக்கும் நாட்களில் வாரம் 28 மணி நேரமே வேலை செய்யலாம். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போனால் கட்டணத்துக்கு மிச்சம் ஏது?" என்றார். வளையல் தப்பியது.

அவரிடம் நான் கற்ற சொல் 'டோசோகாய்'. ஒரே சன்னலருகே பயின்றோர் கூட்டம் என்பது அதன் பொருள். ஹோசுமி கோஇச்சி என்பவர் முன்னின்று, ஆசிய மாணவர்களுக்கென 1957-இல் ஒரு பண்பாட்டுச் சங்கமும், அயல்நாட்டுத் தொழிற்பயிற்சிக்கென 1959-இல் ஏ.ஓ.டி.எஸ். அமைப்பும் ஜப்பானில் தோன்றின. அங்கே பயின்று திரும்பிய நம்மவர்கள் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்துவிடாமல் சென்னையில் டோசோகாய் அமைத்தனர். நெல்சன் மாணிக்கம் சாலையிலுள்ள அச்சங்கம் ஜப்பானிய மொழியைக் கற்பிக்கிறது. மொழித்திறன் தேர்வையும் நடத்துகிறது. நண்பன் இப்போது தொடக்க நிலையான ஐந்தாம் நிலைத் தேர்வுக்குப் படிக்கிறான். ஜப்பான் அரசின் உதவித்தொகை விவரங்களைத் தேனாம்பேட்டையிலுள்ள துணைத்தூதரகத்திலேயே கேட்டறியலாம்; தரகர் எதற்கு?

போய்வந்தவர் சொல்லே போகிறவருக்கு வழித்துணை. நம் கல்லூரியில் படித்து அயல்நாடு சென்றோரின் முகவரி ஏடு ஒன்றை நாமும் நூலகத்தில் வைத்தால், இன்னும் எத்தனை வளையல்கள் தப்பும்!