கைக்குப் பழகும் தாடி ஓணான்

நாய் வளர்க்க இடமில்லாத சிட்னி அடுக்குமாடி வீட்டில் பிள்ளை “பியர்டட் டிராகன் வேணும்” என்று பிடிவாதமாக நிற்கும்போது, அம்மாவும் அப்பாவும் முதலில் கேட்பது “கடிக்குமா?” என்றுதான். பெரும்பாலும் கடிக்காது. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைச் சேர்ந்த இந்தத் தாடி ஓணான், வளர்ந்ததும் வாலோடு சேர்த்து 45 முதல் 60 செ.மீ. நீளம் இருக்கும். நம் ஊர் வேலி ஓணானும் இதே குடும்பம்தான். ஊர்வனவற்றில் இவ்வளவு சாதுவான பிராணி குறைவு.

அந்தச் சாதுத்தனத்தை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். மடியில் அசையாமல் கிடக்கும் ஓணான் சுகமாக இருக்கலாம். உடம்பு குளிர்ந்து முடங்கியிருக்கலாம். பயத்தில் உறைந்தும் போயிருக்கலாம். மூன்றும் மேலோட்டமாகப் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் இதனோடு பழகுவதில் முக்கால்வாசி வேலை.

செய்ய வேண்டியவை

வந்த புதிதில் அதை அதன்போக்கில் விடுங்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் தீனி வைப்பது, தண்ணீர் மாற்றுவது, எச்சத்தைத் துடைப்பது போதும். சாப்பாடு குறைந்தால் பதற வேண்டாம், இடம் மாறிய பிராணிக்கு அது வழக்கம். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை வீட்டுப்பாடம் எழுதட்டும். பெரிய உருவம் ஒன்று தினமும் வருகிறது, தன்னை ஒன்றும் செய்வதில்லை என்பதை ஓணான் கவனிக்கும். அதன் கவனிக்கும் திறனைக் குறைத்து எடைபோடாதீர்கள். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2014இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு தாடி ஓணான் கம்பிக் கதவைத் தலையால் தள்ளித் திறப்பதைப் பார்த்த மற்ற ஓணான்கள் அதையே செய்து காட்டின. பார்க்காதவற்றுக்கு அது வரவில்லை.

குணத்தைப் பற்றி முடிவு கட்டுமுன் வெப்பத்தைச் சரிசெய்யுங்கள். வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 40 டிகிரி செல்சியஸை ஒட்டியும், பெட்டியின் மறுமுனை 25 டிகிரியை ஒட்டியும் இருக்க வேண்டும். யுவிபி (புறஊதா பி) கதிர் தரும் குழல்விளக்கும் வேண்டும். அது எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் குறைந்துவிடும் என்பதால், தயாரிப்பாளர் சொல்லும் கெடுவுக்குள் மாற்றிவிடுங்கள். “எங்கள் வீட்டு ஓணான் ரொம்ப அமைதி, தூக்கினால் அப்படியே கிடக்கும்” என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது கல்லின் சூட்டைத்தான். சூடு போதாத ஓணானுக்கு ஓடவும் தெம்பிருக்காது, செரிக்கவும் முடியாது. காலையில் விளக்குப் போட்டு, அது ஓரிரு மணி நேரம் காய்ந்த பிறகே கையில் எடுங்கள்.

கையைப் பக்கவாட்டில், தாழ்வாகக் கொண்டுபோங்கள். இரண்டு கண்களுக்கும் சற்றுப் பின்னால், உச்சந்தலையில் வெளிறிய சிறு புள்ளி ஒன்று தெரியும். அது மூன்றாவது கண். உருவத்தைப் பார்க்காது, வெளிச்சமும் நிழலும் மாறுவதை உணரும். தலைக்கு மேல் திடீரென்று நிழல் விழுந்தால் இந்த இனத்துக்குப் பருந்து வந்துவிட்டது என்று பொருள். மேலிருந்து இறங்கும் அன்பான கையும் அதற்குப் பருந்தின் நிழல்தான். அதனால் அது பார்க்கும்படி பக்கவாட்டிலிருந்தே போய், உள்ளங்கையை மார்புக்கடியில் நுழைத்து, நான்கு கால்களும் எதிலாவது ஊன்றியிருக்கும்படி தூக்குங்கள். கால் அந்தரத்தில் தொங்கினால் துள்ளும், துள்ளினால் விழும்.

கையால் ஊட்டுங்கள். துருவிய பூசணி, டான்டெலியன் இலை, ஒரு பட்டுப்புழு என்று எதுவானாலும் சரி. புதிய பொருளை அது நாக்கு நுனியால் தொட்டுத்தான் அறிந்துகொள்ளும். ஒருநாள் தீனி இல்லாத விரலையும் அப்படி மெல்லத் தொட்டுப் பார்க்கும். அந்த நேரத்தில் கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே வைத்திருங்கள். ஊட்டுவதற்கு முன்பு கை கழுவுவது நல்லது: புழு வாசம் அடிக்கும் விரல் அதற்குப் புழுதான்.

உடம்பு சொல்வதைப் படியுங்கள். தலையை மேலும் கீழும் வேகமாக ஆட்டினால் அதிகாரம் காட்டுகிறது. வேலி ஓணானைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவாகச் சுழற்றினால் “நீ பெரியவன், என்னை விட்டுவிடு” என்கிறது. குட்டிகள் இப்படிக் காட்டும்போது எல்லோரும் “டாட்டா சொல்லுது” என்று சிரித்துப் படம் எடுக்கிறார்கள். அடிக்கடி அப்படிச் செய்தால் அதை எது மிரட்டுகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பமாக இருக்கும். காய்ந்துகொண்டே வாயைத் திறந்திருந்தால் சூட்டை வெளியேற்றுகிறது, பயமில்லை. தாடி எனப்படும் தொண்டைத் தோல் கறுத்து, உடம்பு உப்பி, வாய் உங்களை நோக்கித் திறந்தால் அன்றைக்குப் பழகியது போதும். தடவும்போது கண்ணை மூடுவதை மட்டும் வைத்துச் சொக்கிப்போகிறது என்று முடிவு கட்ட வேண்டாம், பிடிக்காததை ஒதுக்கவும் கண்ணை மூடும். மூச்சு நிதானமாக இருக்கிறதா, தாடி வெளிறியே இருக்கிறதா, கையிலிருந்து இறங்க வழியிருந்தும் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதுதான் எனக்கு நம்பகமான சாட்சி.

வயதையும் பருவத்தையும் கணக்கில் எடுங்கள். குட்டிகள் மிரளும். பருவமடையும் ஆண் சில மாதம் காரணமில்லாமல் சீறும். தோல் உரிக்கும் நாட்களில் தொடப் பிடிக்காது. ஜூன், ஜூலையில் வளர்ந்த ஓணான் வாரக்கணக்கில் ஒளிந்து உறங்கலாம், அது கோபமோ பிணக்கோ இல்லை. ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே காட்டி, வாரம் ஒருமுறை எடை பார்த்து, உறங்க விடுங்கள். எடை நன்றாக இறங்கினால் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

செய்யக்கூடாதவை

துணைக்கு என்று இன்னொன்றை அதே பெட்டியில் விடாதீர்கள். இந்த ஒன்றை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் இரக்கத்தால் செய்யப்படும் கொடுமை இது. தாடி ஓணான் தனித்து வாழும் பிராணி. ஒன்றின் முதுகில் ஒன்று படுத்திருக்கும் படத்தைப் பார்த்து “கட்டிப்பிடித்துத் தூங்குகின்றன” என்று உருகுகிறார்கள். மேலே இருப்பது சூட்டையும் யுவிபி கதிரையும் எடுத்துக்கொள்கிறது. கீழே இருப்பது நாளாக நாளாக மெலிகிறது. விரல் நுனியும் வால் நுனியும் கடிபட்டுப் போவது அடுத்த கட்டம். நம் வீட்டுப் பல்லிக்கு வால் திரும்ப முளைக்கும், இதற்கு முளைக்காது.

வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். மரச்சாமானுக்கு அடியில் ஓடி ஒளிந்தால் துரத்திப் பிடிக்காதீர்கள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காத்திருந்தால் தானாக வெளியே வரும்.

உரியும் தோலைப் பிய்க்காதீர்கள். அவகாடோவும் மின்மினியும் நஞ்சு. ஒரே ஒரு மின்மினி உயிரைக் குடிக்கும்.

கண்ணாடிப் பெட்டியோடு வெயிலில் வைக்காதீர்கள், உள்ளே வெந்துவிடும். தோட்டத்துக்குக் கொண்டுபோனால் வார் கட்டுங்கள். மேக்பை, கூக்கபரா போன்ற பறவைகள் மரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

முத்தம் கொடுக்காதீர்கள், சமையலறைத் தொட்டியில் குளிப்பாட்டாதீர்கள். நலமாக இருக்கும் ஓணானின் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். 2014இல் அமெரிக்காவின் பல மாநிலங்களில் தாடி ஓணான் வழியே பரவிய தொற்றில் சிறு குழந்தைகளே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், தொட வேண்டாம்.

விருந்தாளிகளிடம் கைமாற்றிக் கைமாற்றிக் காட்டாதீர்கள். பிறந்தநாள் கூட்டத்தின் சத்தத்தில் பத்துப் பேர் கை மாறினால், அதுவரை பழகியது வீணாகலாம்.

நாயின் அன்பை இதனிடம் எதிர்பார்க்காதீர்கள். வாலாட்டாது, கூப்பிட்டால் ஓடிவரும் என்று உறுதியில்லை. கதவு திறந்ததும் ஓடாமல் நிற்பது, கையில் ஏறித் தோள்வரை நடப்பது, அங்கே தாடி வெளிறி உட்கார்ந்திருப்பது ஆகியவைதான் இது தரக்கூடியவை. பிள்ளைக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு “இதுக்கு என்னைப் பிடிக்கல” என்று அழாது.

காட்டில் பார்த்ததைப் பிடித்துவராதீர்கள், அது குற்றம். நியூ சவுத் வேல்ஸில் வளர்க்க உரிமம் வேண்டும், மற்ற மாநில விதிகளை அங்கங்கே கேட்டுக்கொள்ளுங்கள். நன்றாக வளர்த்தால் பத்தாண்டுக்கு மேலும் வாழும் என்பதால், விசாவில் இருக்கும் குடும்பங்கள் வாங்குமுன் ஒன்றை யோசிக்க வேண்டும்: நாடு மாறும்போது இதை உடன் கொண்டுபோக முடியாது. அடைக்கலம் தரக்கூடிய உரிமதாரர் ஒருவரை முன்பே பேசிவைத்து, அவ்வப்போது வீட்டுக்கு வரவழைத்து, அவர் கையாலும் பூசணி கொடுக்கச் சொல்லுங்கள்.