மாமி மகனின் இரண்டு தடிப்புகள்

எங்கள் மாமியின் கடைசி மகனுக்கு மூன்று வயது. போன வெயில் காலத்தில் அவனுடைய மூக்கடியிலும் முழங்காலிலும் சிரங்கு வந்தது. சிறு கொப்புளம் உடைந்து, காய்ந்த தேன் போல மஞ்சள் பொருக்குக் கட்டும். நுளம்புக் கடியைச் சொறியும் பிள்ளைகளுக்கு எங்கள் வாவிக்கரைப் பக்கம் இது புதிதல்ல. மாமி, மூத்த மகனின் இருமலுக்கு எடுத்து மீந்திருந்த பாணி மருந்தைக் கொடுத்தார்.

ஏழாம் நாள் நெஞ்சிலும் முதுகிலும் செந்நிறப் புள்ளிகள் எழும்பின. சிரங்கும் ஆறவில்லை.

"சிரங்கு மேலெல்லாம் பரவிட்டு மகள். மருந்தக் கூட்டிக் குடு" என்றார் மூத்தம்மா.

எனக்குச் சந்தேகம். சிரங்கு, கை பட்டுச் சொறிந்த இடங்களில் அங்கொன்று இங்கொன்றாக வரும். இந்தப் புள்ளிகளில் நீரும் இல்லை, பொருக்கும் இல்லை. இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தன. அன்று பின்னேரமே பிள்ளையை வைத்தியரிடம் கொண்டுபோனோம்.

அவர் முதலில் கேட்டது, "என்ன மருந்து? எந்த நாள் தொடங்கினீங்க?" மாமிக்குத் தெரிந்ததெல்லாம் வாழைப்பழ மணமும் வெள்ளை மூடியும்தான். நான் வீட்டுக்கு ஓடிப்போய்ப் போத்தலைத் தேடி எடுத்து வந்தேன். அமொக்சிசிலின்.

சிரங்கைப் பெரும்பாலும் உண்டாக்குவது ஸ்டபைலோகொக்கசு என்ற பற்றீரியா. அதில் பல வகைகள் அமொக்சிசிலினை உடைக்கும் நொதியத்தைச் சுரக்கின்றன. ஆகவே சிரங்கு அப்படியே இருக்க, மருந்து தன் தடிப்பையும் மேலே போட்டுவிட்டது. மருந்துத் தடிப்பு பொதுவாக, தொடங்கிய சில நாளிலிருந்து இரண்டு கிழமைக்குள் வரும். சிரங்குக்கு வழமையாகக் கொடுக்கும் குளோக்சசிலினும் பென்சிலின் குடும்பம்தான். பெயர் தெரியாமல் போயிருந்தால் அதையே எழுதியிருப்பேன் என்றார் வைத்தியர்.

இந்தக் குழப்பம் பெரிய வைத்தியர்களுக்கும் வந்திருக்கிறது. 1956இல் அலன் லயல் என்ற ஸ்கொட்லாந்துத் தோல் வைத்தியர், கொதிநீர் பட்டது போலத் தோல் உரிந்த நான்கு நோயாளிகளைப் பற்றி ஒரே நோயாக எழுதினார். அந்தத் தோற்றத்துக்குள் இரண்டு நோய்கள் இருந்தது பிறகுதான் தெளிவானது. 1970இல் மெலிஷ், கிளாஸ்கோ என்ற இரு ஆய்வாளர்கள் பிறந்த சுண்டெலிக் குஞ்சுகளில் ஸ்டபைலோகொக்கசை ஏற்றித் தோலுரிதலை உண்டாக்கிக் காட்டினர். பற்றீரியாவின் நச்சு, மேற்றோலின் மேற்பகுதியில் கலங்களை ஒட்டிவைக்கும் புரதத்தை வெட்டுகிறது. மருந்தால் வரும் கொடிய வகையிலோ மேற்றோல் முழுத் தடிப்பிலும் இறக்கிறது. உயர்தர உயிரியலில் தோலின் படைகளை மனனம் செய்தபோது இது எதற்கு என்று நான் முணுமுணுத்ததுண்டு.

எங்கள் பிள்ளைக்கு அவ்வளவு போகவில்லை. காய்ச்சல், கண் வாய்ப் புண், தோலுரிதல், முகவீக்கம், மூச்சுத்திணறல் ஏதாவது கண்டால் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். மருந்தை மாற்றினார்கள்; சிரங்கு காய்ந்தது, புள்ளிகளும் மங்கின. மருந்தின் பெயரும் திகதியும் கிளினிக் கொப்பியில் ஏறின. ஆனாலும் இப்படித் தடித்த பிள்ளைகள் பலருக்கு உண்மையான ஒவ்வாமை இருப்பதில்லையாம். பிறகு பரிசோதித்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

மூத்தம்மா மட்டும் இன்னும், சிரங்குதான் பரவியது என்கிறார்.