கோவலன் கண்ணகி வழிச்செலவு

பெயரில் மலையும் கண்முன் சமவெளியும் உடைய விருத்தாசலத்தில் வளர்ந்தார்க்கு மலைவழிச் செலவு பெரும்பாலும் ஏட்டிலேதான் வாய்க்கும். அவ்வகையில் யான் விரும்பிக் கற்பது, சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் புகாரினின்று மதுரைக்குச் சென்ற வழியாகும்.

ஊரெல்லை கடந்த சிறிது தொலைவிலேயே கண்ணகி, மதுரை எங்குளது என்று வினவுகின்றாள். முப்பது காதத்தை அண்மையது போலக் கூறிக் கோவலன் நகுகின்றான். அந்நகையின் துயரத்தை அவள் அறிந்தாளோ, அறியோம்.

உறையூர்க்குத் தெற்கே மறையோன் ஒருவன், கொடும்பாளூர் நெடுங்குளத்தருகே வழி மூன்றாகப் பிரியும் என்கிறான்: வலத்தே சிறுமலை, இடத்தே திருமால்குன்றம், இடையே செந்நெறி. இடைவழியே செல்கின்றனர்.

வேனில் வெம்மையைக் கண்ணகி பொறாளாதலின் இரவிற் செல்லத் துணிகின்றனர். விலங்குகட்கு அஞ்ச வேண்டாவோ? பாண்டியன் காக்கும் நாட்டில் கரடி புற்றகழாது, வேங்கை மானினத்தொடு பகைகொள்ளாது என்பர். இப்புகழைக் கவுந்தியடிகட்கு எடுத்துரைப்பவன் கோவலனே! புலி செய்யாத தீங்கினை அப்பாண்டியனது ஆராயாச் சொல்லொன்று செய்தது. இளங்கோவடிகள் அப்புகழுரையைக் கோவலன் வாயில் வைத்தது இதுகருதியே என்பது என் துணிபு.

மீண்டும் வழிச்செலவு உண்டு. வையைக் கரை பற்றி மேற்கே மலையேறியவள் கண்ணகி ஒருத்தியே.