கத்திக்கு விழுந்த விசில்

கதை சொல்ல வரும் தம்பிகளில் பாதிப் பேர், "சார், ஒரு கேங் கதை" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து முதுகைத் தொலைத்தவன் நான். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. பட்டப்பெயர் வைக்கும் முன் பையனின் வயதை எழுதுங்கள். பட்டப்பெயர் வந்ததுமே அவன் ரவுடியாகிவிடுகிறான். 13 என்று எழுதிப் பாருங்கள். ராத்திரி எங்கே தூங்குகிறான், பள்ளிக்கூடம் எந்த வகுப்போடு நின்றது, யாரைக் கண்டால் ஒளிகிறான் என்று கேள்விகள் தானாக வரும்.

2. 'சிட்டி ஆஃப் காட்' (2002) பார்க்காதவர் உங்களில் யாரும் இருக்க மாட்டார். கோழி துரத்தலும் சுழலும் கேமராவும்தான் எல்லோருக்கும் ஞாபகம். படப்பிடிப்புக்கு முன்னால் நடந்த வேலையைப் படியுங்கள். படத்துக்கு மூலமான நாவலை 1997-இல் எழுதிய பாவ்லோ லின்ஸ், கதை நடக்கும் ரியோவின் அந்தக் குடியிருப்பிலேயே வளர்ந்தவர். இயக்கிய பெர்னாண்டோ மெய்ரெலஸும் காட்சியா லுண்டும் குடிசைப் பகுதிப் பையன்களைச் சேர்த்து மாதக்கணக்கில் நடிப்புப் பட்டறை நடத்தினார்கள். வசனத்தை உருப்போடச் சொல்லாமல், சூழ்நிலையைச் சொல்லிவிட்டு அவர்கள் வாயாலேயே பேசவிட்டார்கள். நம் ஆட்கள் வியாசர்பாடியில் மூன்று நாள் லொகேஷன் பார்த்துவிட்டு, சாலிகிராமத்தில் அறை எடுத்து வட சென்னை பாஷை எழுதுகிறார்கள். கேட்டால் ரிசர்ச் என்கிறார்கள்!

3. அதே படத்தில் ஒரு காட்சி. கடையில் கைவைத்த இரண்டு பொடியன்களை மடக்கிவிடுகிறான் கும்பல் தலைவன் லிட்டில் ஸே. எங்கே சுடட்டும், கையிலா காலிலா என்று கேட்கிறான். இருவரும் கையை நீட்டுகிறார்கள். அவன் காலில் சுடுகிறான். சின்னவன் அழுவது ஊசிக்குப் பயந்த குழந்தை அழுவது போலத்தான் இருக்கும், உதடு பிதுங்கி, சத்தம் பாதியில் நின்று. பிறகு இன்னொரு சிறுவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, இருவரில் ஒருவனைக் கொல்லச் சொல்கிறார்கள். எடிட்டராக நான் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். காயத்தில் நிற்பதைவிட முகங்களில்தான் ஷாட் அதிக நேரம் நிற்கிறது. அந்த இடத்தில் விசிலடிக்க எவனுக்கும் வாய் வராது.

4. நான் எடிட் செய்த ஒரு படத்தில் வந்தது. பெயர் வேண்டாம். பதினாறு வயதுப் பையன் முதல் தடவை ஒருவனைக் குத்துகிறான். ஸ்லோ மோஷன் போட்டு, கத்தி இறங்கும் ஃப்ரேமில் டிரம்ஸை ஏற்றியது நான்தான். எடிட் அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். முதல் நாள் முதல் காட்சியில் தியேட்டரே அதிர்ந்தது. எனக்கு முன் வரிசையில் அதே வயதுப் பையன் ஒருவன் சீட்டின் மேல் ஏறி நின்று அடித்த விசில் இன்னும் காதில் இருக்கிறது. குத்தியவனின் கை நடுங்கிய ஷாட் ஒன்று இருந்தது, நாலு விநாடி. வேகம் குறைகிறது என்று அதை எடுத்துப் போட்டவனும் நான்தான்.

5. நடிக்க வரும் பையனும் பையன்தான். ஹெக்டர் பாபென்கோவின் 'பிஷோட்டி' பிரேசிலின் தெருச்சிறுவர்களைப் பற்றிய படம். ஏழைக் குடும்பத்திலிருந்து வந்து அதில் நடித்த பெர்னாண்டோ ராமோஸ் ட சில்வாவை உலகமே கொண்டாடியது. நடிப்புத் தொழில் அவனுக்கு நிலைக்கவில்லை. 1987-இல் போலீஸ் சுட்டு இறந்தபோது அவனுக்கு வயது 19. இதற்குப் படம் எடுத்தவர்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் படப்பிடிப்பு முடிந்து பூசணிக்காய் உடைத்துவிட்டு நாம் வீட்டுக்குப் போகிறோம், அவன் அதே தெருவுக்குத்தான் திரும்பிப் போகிறான். நம் ஊரில் விதிகள் இருக்கின்றன: 14 வயதுக்குக் கீழே என்றால் ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அவன் பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். புரொடக்‌ஷன் மேனேஜர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

6. யார் அனுப்பியது? 'சுப்ரமணியபுரம்' (2008) நிற்பது இந்தக் கேள்வியில். 1980 மதுரை, வேலைவெட்டி இல்லாத சிநேகிதர்கள். கட்சிப் பதவியை இழந்த ஒரு வீட்டுக்காக அவர்களில் அழகரும் பரமனும் கொலை செய்கிறார்கள். அவர்களை அனுப்பிய அந்த வீட்டுக் கனகு ஜாமீன் எடுக்கக்கூட வருவதில்லை. கத்தியைவிட அந்த வராமைதான் எனக்கு வலித்தது.

7. சென்சாரில் 'ஏ' வாங்கினால், நீங்கள் யாரைப் பற்றி எடுத்தீர்களோ அந்தப் பதினாறு வயதுக்காரன் சட்டப்படி தியேட்டருக்குள் வர முடியாது. (வருவான், அது வேறு.) அதனால் ரஃப் கட் முடிந்ததும் படம் எடுத்த தெருவின் அம்மாக்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் திரைக்குப் பக்கத்தில் நின்று அவர்கள் முகத்தைப் பாருங்கள். யாராவது பாதியில் எழுந்து போனால் பின்னாலேயே போய், ஒரு டீ வாங்கிக் கொடுத்து, எந்த இடம் என்று கேளுங்கள். டைம்கோடைக் குறித்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். எடிட் அறையில் இரவு பத்து வரை இருப்பேன்.